வானிலிருந்து இறங்கிய சணல் சாக்கு

பிரெஞ்சு மன்னர் பதினாலாம் லூயியின் தூதராக 1687இல் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) போன சிமோன் த லா லூபேர், ஊர் திரும்பியதும் அந்த நாட்டைப் பற்றித் தடிமனான ஒரு புத்தகம் எழுதினார். அரசாங்கம், விவசாயம், வானசாஸ்திரம் என எல்லாவற்றையும் பொறுமையாகப் பதிவு செய்தவர், போகிறபோக்கில் ஒரு கழைக்கூத்தாடியையும் குறிப்பிட்டார். அந்த ஆள் இரண்டு குடைகளை இடுப்புக் கச்சையில் இறுகக் கட்டிக்கொண்டு உயரத்திலிருந்து குதிப்பாராம். காற்று அவரைச் சிலசமயம் தரையில் இறக்கும், சிலசமயம் மரத்தில் மாட்டிவிடும், வீட்டுக் கூரையிலோ ஆற்றிலோ போடுவதும் உண்டு. வேடிக்கை பார்த்த சயாம் மன்னருக்கு ஏகக் குஷி. கூத்தாடியைப் பெரிய பிரபுவாகவே ஆக்கிவிட்டார்.

போர்ப்படங்களில் நாம் அடிக்கடி பார்க்கும் ஒரு காட்சியின் பூர்வகதை இது. காட்டுக்குள் பத்து இருபது பேர் கொண்ட சிறு படை. கையில் துப்பாக்கி, முதுகில் பை, ஒருவரிடம் வயர்லெஸ். அவர் ஏதோ எண்களைச் சொல்கிறார். சற்று நேரத்தில் விமானம் வந்து எதிரி மேல் குண்டு போடுகிறது, இன்னொரு விமானம் பாராசூட்டில் பெட்டிகளை இறக்கிவிட்டுப் போகிறது. சிறு படைக்குச் சொந்தமாகப் பீரங்கி கிடையாது, உக்கிராணம் கிடையாது. எங்கோ தொலைவில் எல்லோருக்கும் பொதுவாக வைத்திருக்கும் குண்டும் சோறும் கூப்பிட்ட இடத்துக்கு வரும். இன்றைக்கு இது சாதாரணம். ஆனால் இந்த ஏற்பாடு தற்செயல்களிலும் தோல்விகளிலும் அடிபட்டு, கடைசியில் கல்கத்தா சணல் ஆலைக்குள் நுழைந்துதான் உருப்பட்டது.

முதலில் குடை. லா லூபேரின் புத்தகத்தைப் படித்துத்தான் லூயி செபாஸ்தியன் லெனோர்மான் என்ற பிரெஞ்சுக்காரருக்கு யோசனை வந்தது என்பார்கள். 1783 டிசம்பர் 26 அன்று அவர் மோன்பெலியே நகரின் வானாய்வுக் கோபுரத்திலிருந்து குடை போன்ற ஒரு கருவியுடன் குதித்துப் பத்திரமாக இறங்கினார். அவருடைய நோக்கத்தில் போரே இல்லை. தீப்பிடித்த மாடியில் மாட்டிக்கொண்டவர்கள் தப்பிக்க ஒரு வழி தேடினார். பதினான்கு வருடம் கழித்து, ஹங்கேரியில் போர்க்கைதியாக இருந்து மீண்ட ஆந்த்ரே ஜாக் கார்னெரன், பாரிஸ் வானில் பலூனிலிருந்து பட்டுப் பாராசூட்டில் இறங்கினார். பாராசூட் ஊஞ்சல் மாதிரி ஆடி, அவருக்கு வயிற்றைப் புரட்டியதுதான் மிச்சம். பிறகு நூறு வருடத்துக்கும் மேலாகப் பாராசூட் சந்தையிலும் திருவிழாவிலும் காசு வாங்கிக் காட்டும் வித்தையாகவே இருந்தது.

படைத்தலைவர்களுக்கோ வேறு தலைவலி. ஒரு படை எவ்வளவு தூரம் போகலாம் என்பதைத் தளபதியின் வீரத்தைவிட வண்டிமாடுகளின் எண்ணிக்கைதான் தீர்மானித்தது. தானியம் சுமக்கும் கழுதையும் தானியம் தின்னும். நாலு நாள் தூரம் போனால் சுமையில் ஒரு பங்கு சுமப்பதற்கே செலவாகிவிடும். ஆகவே பாதையை விட்டு விலகிய சிறு குழு கிராமத்தைக் கொள்ளையடிக்க வேண்டும், அல்லது சீக்கிரம் திரும்பிவிட வேண்டும்.

விமானம் வந்ததும் இதை மாற்றிவிடலாம் என்ற ஆசை பிறந்தது. முதல் பரீட்சை நடந்தது இராக்கில். 1915 டிசம்பரில் டைக்ரிஸ் நதிக்கரையில் உள்ள கூத் நகரில் ஜெனரல் டவுன்செண்டின் படையைத் துருக்கியர் வளைத்துக்கொண்டார்கள். உள்ளே இருந்த சிப்பாய்களில் பெரும்பாலோர் இந்தியர்கள், பூனா டிவிஷனைச் சேர்ந்தவர்கள். ஊரில் கொஞ்சம் தானியம் அகப்பட்டது, அரைக்கத்தான் வழியில்லை. எனவே பிரிட்டிஷ் விமானங்கள் வானிலிருந்து திரிகைக் கற்களைப் போட்டன! 1916 ஏப்ரலில் மாவும் சர்க்கரையும் உப்பும் மூட்டை மூட்டையாக வந்தன. சயாம் கூத்தாடிக்கு நேர்ந்ததே மூட்டைகளுக்கும் நேர்ந்தது. சில ஆற்றில் விழுந்தன, சில துருக்கியர் பதுங்குகுழியில் விழுந்தன. இரண்டு வாரத்தில் போட்ட உணவு சுமார் 19,000 பவுண்டு. சரணடைந்த ஏறக்குறைய 13,000 பேருக்குப் பங்கு வைத்துப் பார்த்தால் ஆளுக்கு ஒரு கிலோகூடத் தேறாது. ஏப்ரல் 29 அன்று கூத் விழுந்தது.

இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னால் வந்த பல தளபதிகள் இதை மறந்துதான் கெட்டார்கள்.

அடுத்த காட்சி பிரான்ஸில், 1918 ஜூலை 4. ஹாமெல் என்ற சிற்றூரைப் பிடிக்க ஆஸ்திரேலியத் தளபதி ஜான் மோனாஷ் திட்டம் போட்டார். அவர் தொழிலில் சிவில் எஞ்சினியர், பாலம் கட்டியவர். போரையும் ஒரு கட்டுமான வேலையாகவே பார்த்தார். ஆயிரம் தோட்டா உள்ள ஒரு பெட்டியைத் திறந்த வெளியில் தூக்கிவர இரண்டு பேர் வேண்டும். அவர்கள் உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்ததை இயந்திரத் துப்பாக்கி ஐந்து நிமிடத்தில் துப்பித் தீர்த்துவிடும். இதற்கு லாரன்ஸ் வாக்கெட் என்ற இளம் ஆஸ்திரேலிய விமானி ஒரு வழி செய்தார். குண்டு மாட்டும் கொக்கியில் தோட்டாப் பெட்டியையும் சிறு பாராசூட்டையும் பொருத்தினார். கீழே துப்பாக்கிக் குழு தரையில் துணியை விரித்து அடையாளம் காட்டும், மேலிருந்து பெட்டி இறங்கும். அன்று ஏறத்தாழ ஒரு லட்சம் தோட்டாக்கள் இப்படி வந்து சேர்ந்தன. முன்னேறிய காலாட்படையோடு பீரங்கி, டாங்கி, விமானம் எல்லாம் ஒரே கால அட்டவணைக்குள் அடங்கி வேலை செய்தன. 90 நிமிடத்தில் முடியும் என்று மோனாஷ் கணக்கிட்டார். 93 நிமிடம் ஆனது.

கூத்துக்கும் ஹாமெலுக்கும் என்ன வித்தியாசம்? பாராசூட்டின் தரம் ஒரு காரணமே இல்லை. கூத்தில் ஒரு முழுச் சேனைக்கு வானிலிருந்து சோறு போடப் பார்த்தார்கள். ஹாமெலில் சிதறிக் கிடந்த சிறு குழுக்களுக்கு அந்தந்த நேரத்துக்கு வேண்டியதை மட்டும் போட்டார்கள். இந்த ஏற்பாட்டின் பிறவிக் குணமே அதுதான் என்று எனக்குப் படுகிறது.

அமெரிக்க மரைன்கள் இதை நிகராகுவாவில் கற்றுக்கொண்டார்கள். அகுஸ்தோ சாந்தினோவின் கெரில்லாக்களைத் தேடி மலைக்காட்டில் சிறு சிறு ரோந்துப் படைகள் அலைந்தன. 1927 ஜூலையில் ஒகோதால் ஊரில் மாட்டிக்கொண்ட ஒரு சிறு படைக்கு உதவ, ஐந்து விமானங்கள் வந்து செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போட்டன. பீரங்கி இல்லாத படைக்கு விமானமே பீரங்கி. 1928 ஜனவரியில் கிலாலி கிராமத்தில் சூழப்பட்ட மரைன்கள் தெருவோரத்து வீடுகளை இடித்து ஒரு ஓடுபாதை அமைத்தார்கள். கிறிஸ்டியன் ஷில்ட் என்ற விமானி மூன்று நாளில் பத்து முறை அங்கே இறங்கிச் சாமான் கொடுத்து, காயம்பட்ட 18 பேரைத் தூக்கிப்போனார். விமானத்தில் பிரேக் கிடையாது. தரையிறங்கியதும் மரைன்கள் ஓடிவந்து இறக்கையைப் பிடித்து இழுத்து நிறுத்துவார்கள். தங்கள் நாட்டு மண்ணில் அந்நியப் படை எதற்கு என்று கேட்ட சாந்தினோவை இதனால் ஒடுக்க முடியவில்லை. ஆனால் இங்கு படித்த பாடங்கள் பின்னர் 1940ஆம் வருட மரைன் கையேட்டில் இடம்பிடித்தன.

நடுவில் சில விநோதங்கள். எத்தியோப்பியாவில் 1936இல் இத்தாலியர்கள் தங்கள் துருப்புகளுக்கு உயிருள்ள ஆடுகளையே பாராசூட்டில் இறக்கினார்கள். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில், மலைமேல் ஒரு மடத்தில் சூழப்பட்டவர்களுக்கு உடையக்கூடிய மருந்துகளை வான்கோழிகளின் உடம்பில் கட்டிப் போட்டதாக எழுதியிருக்கிறார்கள். வான்கோழி சிறகடித்துக்கொண்டே இறங்குமாம், பிறகு சாப்பாட்டுக்கும் ஆகுமாம்.

அதே 1936இல் சோவியத் ராணுவம் மின்ஸ்க் அருகே ஒரு பெரிய ஒத்திகை நடத்தி வெளிநாட்டு விருந்தினர்களை அழைத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் இயந்திரத் துப்பாக்கிகளோடு வானிலிருந்து இறங்குவதை ஒரு பிரிட்டிஷ் ஜெனரல் வாய்பிளந்து பார்த்தார். பெயர் ஆர்ச்சிபால்ட் வேவல். ஐந்து வருடத்தில் அவர் இந்தியாவின் தலைமைத் தளபதி ஆனார். 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. வேவல் தமக்குத் தெரிந்த ஒரு கிறுக்கரை வரவழைத்தார். பச்சை வெங்காயத்தைக் கடித்துத் தின்றுகொண்டே அதிகாரிகளுக்குக் கட்டளையிடும் ஆர்டி விங்கேட்தான் அவர்.

1943 பிப்ரவரியில் விங்கேட்டின் 3,000 பேர் சின்ட்வின் ஆற்றைக் கடந்து ஜப்பானியரின் முதுகுப்புறம் நுழைந்தார்கள். பிரிட்டிஷார், கூர்க்காக்கள், பர்மியர்கள் என்று கலந்த படை. பிற்பாடு சிண்டிட்டுகள் என்று பெயர் பெற்றது. பல குழுக்களாகப் பிரிந்து, கோவேறு கழுதைகளோடு தனித்தனி வழியில் போனார்கள். பின்னால் சாலை கிடையாது, வண்டி கிடையாது. ஒவ்வொரு குழுவிலும் ஒரு விமானப்படை அதிகாரியும் கழுதைமேல் ஏற்றிய ஒரு வயர்லெஸ்ஸும் இருந்ததுதான் விங்கேட்டின் சாமர்த்தியம். மேலே பறப்பவர் கண்ணுக்குக் காடு எப்படித் தெரியும், எந்த வெட்டவெளியில் மூட்டை போடலாம் என்பது இன்னொரு விமானிக்குத்தானே தெரியும்? இவர் சங்கேதத்தில் செய்தி அனுப்புவார். கீழே தீ மூட்டிக் காத்திருப்பார்கள். டகோட்டா விமானம் வந்து பிஸ்கட், பேரீச்சை, தேயிலை, தோட்டா எல்லாம் இறக்கும். உடைந்த மூக்குக்கண்ணாடிக்கும் பல்செட்டுக்கும் மாற்று கேட்டவர்களுக்குக்கூட வந்து சேர்ந்தது என்பது சிண்டிட்டுகளின் பெருமை.

இதில் ஓர் உறைக்கும் பாடமும் உண்டு. ஐராவதியைத் தாண்டியபின் நிலைமை கைமீறி, சிறு சிறு கும்பலாகப் பிரிந்து திரும்பும்படி ஆணை வந்தது. கனமான வயர்லெஸ்ஸை உடைத்துப் போட்டார்கள், கழுதைகளை அறுத்துத் தின்றார்கள். வயர்லெஸ் போனதும் சோறும் போனது. விமானம் இருந்தது, மூட்டை இருந்தது, எங்கே போடுவதென்று சொல்ல ஆளில்லை. போன 3,000 பேரில் 800க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. வந்தவர்களிலும் சுமார் 600 பேர் மறுபடி போருக்குத் தேறாத அளவுக்கு நலிந்துபோயிருந்தார்கள். ராணுவ லாபம் அற்பம்தான். ஆனால் சர்ச்சிலுக்குக் கதை பிடித்துவிட்டது. விங்கேட்டைக் கியூபெக் மாநாட்டுக்கே அழைத்துப்போனார். அமெரிக்கர்கள் தனியாக ஒரு விமானப்படையையே தந்தார்கள். பிலிப் காக்ரன் தலைமையில் சண்டை விமானம், குண்டுவீச்சு விமானம், கிளைடர், நாலைந்து ஹெலிகாப்டர் என்று சகலமும் கொண்ட அந்த ஏர் கமாண்டோ, 1944 மார்ச்சில் சிண்டிட்டுகளைப் பர்மாவின் நடுவயிற்றில் கொண்டுபோய் இறக்கியது. தரையில் இருந்தவர்கள் மோர்ட்டாரில் ஒரு புகைக்குண்டை விட்டு இலக்கைக் காட்டுவார்கள், மஸ்டாங் சண்டை விமானங்கள் அதன்மேல் பாயும். உலகின் முதல் போர்க்கள ஹெலிகாப்டர் மீட்பும் அந்த ஏப்ரலில் அங்கேதான் நடந்தது. பாவம், அந்தக் கழுதைகள்: கத்தினால் எதிரிக்குக் கேட்டுவிடும் என்று அவற்றின் குரல்நாண்களை அறுத்துவிட்டிருந்தார்கள். விங்கேட் அதே மார்ச்சில் விமான விபத்தில் இறந்தார்.

புகழ் விங்கேட்டுக்குப் போனது. ஆனால் இந்தக் கதையின் உண்மையான நாயகர்களைப் போர்க்களத்தில் தேடக்கூடாது. பிரிட்டிஷாரின் பதினாலாவது ராணுவத்தின் தளபதி வில்லியம் ஸ்லிம், சாலை இல்லாத எல்லையில் பெரிய படையையே வானிலிருந்து போஷிக்க வேண்டியிருந்தது. விமானம் ஓரளவு கிடைத்தது, பாராசூட்தான் கிடைக்கவில்லை. உயர்ந்த துணியில் தைத்த பாராசூட்டுகள் எல்லாம் ஐரோப்பாவுக்கே போயின. பர்மா முனைக்குக் கடைசிப் பந்திதான். ஸ்லிம்முக்குத் தளவாடப் பொறுப்பாளர் ஆல்ஃப் ஸ்னெல்லிங் என்ற கணக்கில் புலி. வங்காளத்தில் மலிவாகக் கிடைப்பது சணல், ஆகவே சணலில் பாராசூட் செய்தால் என்ன என்று யோசனை எழுந்தது. கல்கத்தாவில் சணல் ஆலை முதலாளிகளைச் சந்தித்து, பணம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றே ஸ்லிம் கேட்டார். அதைப் பற்றிக் கவலையில்லை என்று அவர்கள் துணியும் கயிறும் நெய்யத் தொடங்கினார்கள். பத்து நாளில் சோதனை ஆரம்பம். ஒரு மாதத்தில், துணி முதல் கயிறு வரைக்கும் முழுக்கச் சணலான 'பாராஜூட்' தயார். அசல் பாராசூட்டின் வேலையில் 85 சதவீதம் செய்தது. அசலின் விலை 20 பவுண்டுக்கு மேல், சணலின் விலை ஒரு பவுண்டுக்குச் சற்று அதிகம். மனிதரை அதில் இறக்க முடியாதுதான். அரிசிக்கும் குண்டுக்கும் அதுவே போதும். இவ்வளவு பணத்தை மிச்சப்படுத்திய ஸ்லிம்முக்கு மேலிடத்திலிருந்து வந்தது என்ன தெரியுமா? முறைப்படி விண்ணப்பிக்கவில்லை என்று ஒரு கண்டனக் கடிதம்!

சணல் இன்னொரு வேடத்திலும் உதவியது. அரிசியையும் தீவனத்தையும் பாராசூட்டே இல்லாமல் தாழப் பறந்து உருட்டிவிடுவார்கள். கோணிக்குள் கோணி வைத்து, வெளிக்கோணியைத் தளர்வாக விடுவது தந்திரம். உள்ளே இருப்பது வெடித்தாலும் வெளியே இருப்பது அரிசியைத் தாங்கிக்கொள்ளும். தலையில் விழுந்தால் ஆள் காலி. எதிரியின் குண்டுக்குத் தப்பித் தன் ரேஷன் மூட்டையால் செத்தவர்களும் அந்தப் போரில் உண்டு.

1944 பிப்ரவரியில் பர்மாவின் அரக்கானில் ஜப்பானியர் பின்னால் சுற்றிவந்து ஏழாவது இந்திய டிவிஷனின் பாதையை அறுத்தார்கள். பாதையை அறுத்தால் பிரிட்டிஷார் பின்வாங்கிவிடுவார்கள், விட்டுப்போகும் உணவைத் தின்று முன்னேறலாம் என்பது அவர்களுடைய பழைய வித்தை. இம்முறை யாரும் பின்வாங்கவில்லை. ஸ்னெல்லிங்கின் ஆட்கள் முன்கூட்டியே கட்டிவைத்த மூட்டைகள் வானிலிருந்து வந்தன. 714 முறை பறந்து சுமார் 2,300 டன். தோட்டாவோடு ரம், சிகரெட், தபால், செய்தித்தாள் எல்லாம். பட்டினியில் வாடியது சூழ்ந்தவர்கள்தான். சில வாரத்தில் இம்பாலிலும் இதே நாடகம் பெரிய அளவில் நடந்தது. ஜப்பானிய ஜெனரல் முதாகுச்சி மூன்று வார உணவோடும் மந்தை மந்தையாக மாடுகளோடும் மலையேறி வந்தார். மாடுகள் வழியிலேயே செத்தன. இந்தியாவின் வாசலில் ஜப்பானியப் படையைக் கொன்றதில் குண்டைவிடப் பசிக்கும் நோய்க்கும் பங்கு அதிகம். இம்பாலில் ஒரு முழு ராணுவமே பிழைத்ததே என்று கேட்கலாம். அங்கே விமானம் தரையிறங்க ஓடுதளங்கள் கைவசம் இருந்தன. வானமும் நேசநாட்டவர் கையில் இருந்தது.

வேறு இடங்களில் இதைச் செய்து பார்த்தவர்கள் இந்த இரண்டையும்தான் கவனிக்கத் தவறினார்கள். 1942 தொடக்கத்தில் ரஷ்யாவின் டெம்யான்ஸ்கில் சூழப்பட்ட சுமார் ஒரு லட்சம் ஜெர்மானியரை விமானங்கள் காப்பாற்றிவிட்டன. அந்தத் தெம்பில் ஸ்டாலின்கிராடில் இரண்டரை லட்சம் பேருக்கு நாளொன்றுக்கு 500 டன் தருவதாக ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங் வாக்குக் கொடுத்தார். சராசரியாக 120 டன்கூட வரவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1952இல் வியட்நாமின் நா சான் முகாமை வானிலிருந்து ஊட்டி வென்றார்கள். அதே சூத்திரத்தைத் தியென் பியென் பூவில் பெரிதாக்கிப் பார்த்தார்கள். மார்ச் கடைசியில் ஓடுதளம் அடைபட்டது. விமான எதிர்ப்புத் துப்பாக்கிக்குப் பயந்து உயரத்திலிருந்து போட்ட பெட்டிகள் காற்றில் விலகி எதிர்ப்படையான வியட்மின் பக்கம் விழ, பிரெஞ்சு பீரங்கிக்குண்டுகள் பிரெஞ்சுக்காரர்கள் மேலேயே திரும்பி வந்தன. வியட்மின் தளவாடமோ சைக்கிள்களில் வந்தது. ஒரு சைக்கிளில் 200 கிலோ அரிசி, தள்ளிக்கொண்டு நடக்க ஓர் ஆள். சைக்கிள்களில் பல பிரெஞ்சு பூஷோ கம்பெனி தயாரிப்பு! 1954 மே 7 அன்று முகாம் விழுந்தது.

பர்மா டகோட்டாக்கள் போருக்குப் பின் இந்தியாவில் புதுவாழ்வு பெற்றன. வடகிழக்கு எல்லைப்புறத்தில் சாலை எட்டாத அசாம் ரைபிள்ஸ் காவல்நிலைகளுக்கு அரிசியும் உப்பும் விமானப்படை போட்டது. பிஜு பட்நாயக்கின் கலிங்கா ஏர்லைன்ஸ் என்ற தனியார் கம்பெனியும் போட்டது. ஆனால் 1962 அக்டோபரில், சீன எல்லையில் நம்கா சூ ஆற்றங்கரையில் நிறுத்திய பிரிகேடுக்கு சாங்தர் மேட்டில் போட்ட சாமான்களில் பெரும்பகுதி பள்ளத்தாக்கில் உருண்டு காணாமல் போயிற்று. கோடை உடையில் நின்ற சிப்பாய்களுக்குக் குளிராடை அடியாழத்தில் கிடந்தது.

நம் மக்கள் இந்த மூட்டைகளை நேரில் பார்த்த நாளும் ஒன்று உண்டு. 1987 ஜூன் 3 அன்று ராமேஸ்வரத்திலிருந்து நிவாரணப் பொருளோடு போன 19 படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் மாலை, மிராஜ் போர்விமானங்கள் காவல்வர, ஐந்து ஏ.என்.-32 விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் சுமார் 25 டன் பொருளைப் பாராசூட்டில் இறக்கின. பெயர் பூமாலை நடவடிக்கை. முற்றுகையில் தவித்த ஒரு குடாநாட்டின் பசிக்கு 25 டன் எந்த மூலைக்கு? கொழும்புக்குச் சொல்லவேண்டியதைச் சொன்னது அந்தப் பாராசூட். எட்டே வாரத்தில், ஜூலை 29 அன்று, இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது.

காற்றின் விளையாட்டை அடக்கும் முயற்சி 2006இல்தான் கைகூடியது. ஆப்கானிஸ்தானில் அமெரிக்கர்கள் போட்ட பெட்டிகளின் தலையில் ஜி.பி.எஸ். பார்த்து வழிகாட்டும் கருவி இருந்தது. சிறு மோட்டார்கள் பாராசூட் கயிற்றை இழுத்து இழுத்துப் பெட்டியைத் திசை திருப்பும். துல்லியம் பிரமாதம், விலை அதைவிடப் பிரமாதம். மலையிடுக்குகளில் முப்பது நாற்பது பேரோடு நூற்றுக்கணக்கான காவல்நிலைகள் இருந்தபோது, ஒவ்வொரு மூட்டைக்கும் இந்தச் செலவு கட்டுப்படியாகவில்லை. ஆகவே ஒருமுறை உபயோகித்துவிட்டுத் தூக்கிப்போடும் மலிவான பாராசூட்டுகளைத் தாழ்ந்த உயரத்திலிருந்து போட்டார்கள். துணி, பாலிபுரொப்பிலீன் நெசவு. நம்மூர் உரச்சாக்கும் அரிசிச்சாக்கும் நெய்கிற அதே இழை. ஸ்லிம்மும் ஸ்னெல்லிங்கும் இருந்திருந்தால் முகத்தில் வியப்பு தெரிந்திருக்காது.

உக்ரைனில் இப்போது பாராசூட்டே தேவைப்படாமல் போய்க்கொண்டிருக்கிறது. முன்வரிசையில் ஒரு குழியில் இரண்டு மூன்று பேர்தான் இருக்கிறார்கள். வண்டி எதுவும் கிட்டே போனால் டிரோன் அடித்துவிடும். ஆகவே ஆறு விசிறி வைத்த பெரிய டிரோன்கள் இரவில் தண்ணீர், பேட்டரி, மருந்து, தோட்டா ஆகியவற்றைக் கயிற்றில் கட்டிக் கொண்டுபோய்க் குழிவாசலில் இறக்குகின்றன. 2025இல் சூழப்பட்டுக் காயத்தோடு கிடந்த ஒரு வீரருக்கு மின்சார சைக்கிளையே இப்படி இறக்கி, அதில் ஏறி அவர் தப்பி வந்ததாகச் செய்தி வந்தது. ஹாமெலில் தோட்டா போட ஒரு விமானமும் குண்டு போட இன்னொன்றும் வந்தன. இங்கே ஒரே டிரோன் முதல் நடையில் எதிரிமேல் குண்டைப் போடுகிறது, அடுத்த நடையில் தன் ஆட்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது. ரஷ்யப் படையும் இதைப் பார்த்துவிட்டு இப்போது அப்படியே செய்துவருகிறது.